கொண்டைக்கு விட்ட மூன்று விரல்

மாட்டுங்காவில் பிரம்மநாயகத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆள் உண்டு. அந்த நாலு வார்த்தையும் அவர் தப்பாகச் செய்த ஒரு காரியத்துக்காகச் சொல்லப்பட்டவை. அதுதான் இந்த மனிதரின் கஷ்டம்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டி, இரண்டு கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. பம்பாயில் அதைக் காலா என்பார்கள். அங்கேதான் அவர் முப்பத்தைந்து வருஷமாகக் காருக்கு சீட் தைக்கிறார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எதற்கு வந்தார், யார் கூட்டி வந்தார்கள் என்பதெல்லாம் தாராவியில் வீட்டுக்கு வீடு இருக்கிற கதை, அதை விட்டுவிடலாம். இப்போது வயது ஐம்பத்தெட்டு. வலது தோள் காலையில் எழுந்ததும் தூக்க வராது. டீ குடித்துவிட்டுச் சூடு வைத்தால் பத்து மணிக்கு ஒருவழியாக வரும். தோளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் முன்பே ஒருதரம் செய்து முடித்துவிட்ட மாதிரி ஓர் அலுப்பு வருமே, அதற்கு ஒத்தடம் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காரில் உட்காருகிறவர்கள் எல்லாரும் பெல்ட் போட வேண்டும், பெல்ட் இல்லாத வண்டிக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று மும்பை போலீஸ் சொன்னபோது, எங்கெங்கோ மூலையில் உறை போட்டுக் கிடந்த பழைய கார்களெல்லாம் அவருடைய காலாவைத் தேடி வந்தன. பத்மினி, அம்பாசடர், அதற்கும் முந்தைய ஃபியட். பெல்ட் என்ற ஒன்று இந்த ஊருக்கு வருமுன்னே பிறந்த வண்டிகள் அவை. வந்தவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது பெல்ட் அல்ல, பெல்ட் மாதிரி ஒன்று. நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை போனால் போதும், சிக்னலில் நிற்கிற போலீஸ்காரன் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களைப் பிரம்மநாயகம் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

அவர் செய்கிற விதமே வேறு. முதலில் காலடி விரிப்பைத் தூக்கிவிட்டுத் தரைத் தகட்டைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். துரு தின்ற இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்த இடத்தை வெட்டி எடுத்து, அடியில் கனமான இரும்புத் தகடு வைத்து, பக்கத்துக் காலாவின் கரீம் பாட்சா வெல்டிங் பண்ணித் தருவார். அதன் பிறகுதான் போல்ட். எல்லாம் முடிந்ததும் பிரம்மநாயகம் கதவில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் போட்டு இழுப்பார். வண்டியே ஆடும். அந்தத் தோளோடு அப்படி இழுக்காதீர்கள் என்று கரீம் பாட்சா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பெல்ட் விஷயத்தில் பிரம்மநாயகத்தின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

குற்றம் தலைக்கு வைத்த திண்டில் வந்தது.

பழைய கார்களின் சீட் தோளோடு நின்றுவிடும். பின்னால் எவனாவது வந்து இடித்தால் தலை பின்பக்கமாக மடங்கிக் கழுத்து போய்விடும். அதற்காகத்தான் இந்தக் காலத்துக் கார்களில் சீட்டுக்கு மேலே தலைக்கு ஒரு திண்டு இருக்கிறது. பெல்ட் போட வந்தவர்களிடம் பிரம்மநாயகம் இதையும் எடுத்துச் சொல்வார். சீட்டின் இரும்புச் சட்டத்தில் இரண்டு குழாயைப் பற்றவைத்து, அதில் கம்பியைச் செருகி, கம்பி மேல் திண்டை உட்கார வைப்பார். யார் உட்காரப் போகிறார்களோ அவர்களே நேரில் வர வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. ஆளை உட்காரவைத்துத்தான் அளவு எடுப்பார். இதிலும் ஒரு தப்பும் இல்லை. தப்பு எப்போதுமே நல்ல வேலைக்காரனிடம் நல்ல வேலையின் வேஷத்தில்தான் வரும் போலிருக்கிறது.

சந்திரமௌலி மாட்டுங்காக்காரர். இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தெட்டாம் வருஷத்துப் பத்மினி வைத்திருக்கிறார், அதைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறார். அவருக்கும் மனைவி ருக்குவுக்கும் பிரம்மநாயகம் திண்டு வைத்துக் கொடுத்தார். சார் உட்கார்ந்து பார்த்து, பேஷ் என்றார். மாமி உட்கார்ந்ததும் முகம் சுளித்தாள். மாமிக்கு அப்போதே அறுபத்தெட்டு வயது. உச்சிக்குச் சற்றுக் கீழே, கைக்கு அடங்காத கொண்டை, அதைச் சுற்றி மல்லிகை. திண்டு கொண்டையை முட்டி, தலையை முன்னால் தள்ளியது. பூ நசுங்கியது. இப்படிக் குனிந்துகொண்டு பயணம் போவதற்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போகலாம் என்றாள்.

பிரம்மநாயகம் யோசித்தார். கம்பியை உருவி, நெருப்பில் காட்டி, மூன்று விரல் அகலத்துக்குப் பின்னால் வளைத்தார். மறுபடி செருகினார். மாமி சாய்ந்தாள். கொண்டை திண்டில் பஞ்சு மெத்தையில் போல அமர்ந்தது. மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் பொம்மனாட்டிக்கு என்று யோசித்துச் செய்த முதல் மெக்கானிக் நீங்கள்தான் என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் விழுந்தார். அவர் வாழ்க்கையில் யாரும் அப்படிப் பாராட்டியது கிடையாது. சீட் தைப்பவனை எவன் பாராட்டுவான்? உட்காருகிற இடத்தைத் திரும்பிப் பார்ப்பவன் யார்? மாமியோ வியாழக்கிழமை பஜனை கோஷ்டியில் போய்ச் சொன்னாள். கோஷ்டியில் பழைய கார் வைத்திருந்தவர்கள் வந்தார்கள், அவர்கள் சொல்லி செம்பூர், கோபர்கைரனே என்று வந்தார்கள். ‘கொண்டை சீட்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பதினேழு கார். பதினேழிலும் கம்பி மூன்று விரல் பின்னால் வளைந்தது. பிரம்மநாயகம் வீட்டுக்குப் போய் மனைவி இசக்கிசெல்வியிடம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

இந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் ஆறுமுகத்தாய் வந்தாள். அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி, செம்பூரில் அரிசிக்கடை வைத்திருக்கிறவள். புருஷன் போன பிறகு அவருடைய பத்மினியைத் தானே ஓட்டுகிறவள். பேரனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காகத் திருச்செந்தூர் போய் முடி இறக்கிவிட்டு வந்திருந்தாள். மொட்டைத் தலை, அதில் சந்தனம். பெல்ட்டின் கொக்கி சிக்குகிறது என்று வந்தவள், அதைச் சரிபண்ணி முடித்ததும் சீட்டிலேயே உட்கார்ந்தபடி தலையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டுபோய் வந்தாள்.

“பெல்ட்டு சரியாயிட்டு அண்ணாச்சி. இந்தத் திண்டுதான் தலைக்கு எட்ட மாட்டேங்கு. மொட்டை போட்ட பொறவு சாஞ்சா வெறும் காத்துதான் இருக்கு.”

“முடி வளரட்டும்மா. சரியாப் போவும்,” என்றார் பிரம்மநாயகம், கொக்கியைத் துடைத்துக்கொண்டே.

ஆறுமுகத்தாய் சிரித்தாள். “அப்போ என் முடிதான் என் களுத்தக் காப்பாத்தணுமாக்கும்?”

அவள் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிரம்மநாயகம் அந்த இடத்திலேயே நின்றார். கையில் துணி, துணியில் எண்ணெய். அவள் உட்கார்ந்திருந்தபோது மண்டைக்கும் திண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்திருந்தார். நாலு விரல் தாராளமாக இருக்கும். இத்தனை நாள் அந்த இடைவெளி முடியால் மூடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். இடைவெளி இல்லாமல் போய்விடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. இசக்கிசெல்வி தலை சீவிக் கொண்டை போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற நேரம். சுவரோடு சாய்ந்து உட்காரச் சொன்னார். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். கொண்டை சுவரில் பட்டது, மண்டை மூன்று விரல் தள்ளி நின்றது. பிரம்மநாயகம் உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். கொண்டை ஒன்றுமே இல்லாததுபோல நசுங்கியது. தலை சுவரில் ‘டொக்’கென்று மோதியது.

“என்ன, கிறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு?” என்று தலையைத் தடவிக்கொண்டாள்.

முடி எலும்பு இல்லை என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். பின்னால் லாரி இடித்தால் கழுத்து மடங்கும், அதற்குத்தான் திண்டு என்று வந்தவர்களுக்கெல்லாம் பாடம் ஒப்பித்தவரும் அவர்தான். ஒப்பித்த வாயோடு அந்தத் திண்டைப் பின்னால் தள்ளி வைத்தவரும் அவர்தான். சாய்ந்து உட்காருகிற மெத்தையையும் கழுத்தைக் காக்கிற கட்டையையும் ஒன்று என்று நினைத்துவிட்டார். இந்தப் பதினேழு காரிலும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. எந்தச் சிக்னலில், எந்த லாரி என்று தெரியாது. அன்றைக்கு அவரால் சாப்பிட முடியவில்லை.

கரீம் பாட்சாவிடம் சொன்னார். கரீம் பாட்சா வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முழுக்கக் கேட்டார். ரெண்டு வருஷமா யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தப்பு என்று நீங்களே தண்டோரா போட்டால் நாளைக்கு உங்கள் பெல்ட்டையும் எவனும் நம்ப மாட்டான், பேசாமல் இருங்கள், இனிமேல் செய்கிறதைச் சரியாகச் செய்யுங்கள் என்றார். சிநேகிதர் சொல்கிற புத்திதான் அது. பிரம்மநாயகத்துக்கும் அப்படியே விட்டுவிட ஆசையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் விட்டும் பார்த்தார். ரோட்டில் எங்காவது பிரேக் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார்.

“யாருக்காவது ஒண்ணு ஆனதுக்குப் பொறவு போயி என்னத்தச் சொல்லுதது, பாட்சா?” என்று கேட்டார். கரீம் பாட்சா கண்ணாடியை இறக்கிக்கொண்டு கம்பி வெட்டத் தொடங்கினார்.

புதுத் திண்டு உயரமாக இருந்தது. கம்பி நேராக இருந்தது. அடிப்பக்கம், பிடரிக்கு நேரே, ஒரு பள்ளம் விட்டிருந்தார். கொண்டையைத் தாழ்த்திப் பிடரியோடு போட்டால் அந்தப் பள்ளத்தில் அடங்கிவிடும், மண்டை மேலே திண்டோடு ஒட்டிக்கொள்ளும். உச்சிக் கொண்டை மட்டும் ஆகாது. ஒன்று தாழ்த்திப் போட வேண்டும், இல்லையென்றால் பின்னி முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். வார நாளில் கடை வேலை, அதை முடித்துவிட்டுச் சாயங்காலமும் ஞாயிறும் இது. கம்பியையும் திண்டையும் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லோக்கலில் நின்றபடி கோபர்கைரனே வரை போனார். வீடு வீடாக ஏறி, நான் செய்தது தப்பு, காசு வேண்டாம், மாற்றித் தருகிறேன் என்றார். முதல் வீட்டில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. நாலாவது வீட்டில் பழகிவிட்டது. பழகியதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருவர் டீ கொடுத்தார். ஒருவர் இத்தனை நாள் எங்கள் உயிரோடு விளையாடினாயா என்று கத்தினார். இன்னொருவர், இதில் வேறென்ன பிசினஸ் இருக்கிறது, மறைக்காமல் சொல் என்று கண்ணடித்தார். ஆறுமுகத்தாய் மட்டும்தான், நல்லது அண்ணாச்சி, மாட்டுங்க என்று சாவியைக் கையில் கொடுத்தாள். அக்டோபர் பாதிக்குள் பதின்மூன்று கார் முடிந்தது. ஒவ்வொன்று முடிந்தபோதும் மனசுக்குத் திருப்தி வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அடுத்த வீட்டு மாடிப்படிதான் வந்தது.

நாலு பேர் அசையவில்லை. நாலு பேரும் பஜனை கோஷ்டி. அதில் முதல் ஆள் ருக்கு மாமி.

முதல் தடவை போனபோது மாமி காபி கொடுத்து உட்காரவைத்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கொண்டையைத் தாழ்த்திப் போட வேண்டும் என்ற இடம் வந்ததும் அவள் முகம் கதவைச் சாத்தியதுபோல ஆகிவிட்டது. நன்னா இருக்கறதை எதற்குக் கலைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டாம் தடவை மாமி வெளியே வரவே இல்லை. சந்திரமௌலிதான் வாசலில் நின்றார். இத்தனை வருஷமாக அவள் அந்தக் கொண்டைதான் போடுகிறாள், உங்கள் கம்பிக்காக மாற்றிக்கொள்ள வேண்டுமா, சும்மா வந்து நச்சரித்துக் கிட்கிட் பண்ணாதீர்கள் என்றார். தீபாவளிக்குப் பூனாவில் இருக்கும் மகள் ஹரிதா வீட்டுக்குச் சனிக்கிழமை காரில் கிளம்புகிறார்கள் என்றும், அதற்குள் வண்டியில் எவனும் கைவைக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

சந்திரமௌலி கார் ஓட்டுவது எப்படி என்று பிரம்மநாயகத்துக்குத் தெரியும். நாற்பதுக்கு மேல் முள் நகராது. எக்ஸ்பிரஸ்வேயில் லாரிகளுக்கு நடுவே அவர் நாற்பதில் ஊர்ந்து போவதையும், பக்கத்தில் மாமி கொண்டையைச் சாய்த்து நிம்மதியாகக் கண் மூடி உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தார். பின்னால் வருகிற லாரியையும் நினைத்துப் பார்த்தார். அந்த நிம்மதி அவர் செய்து கொடுத்தது. எப்பாடு பட்டாவது சனிக்கிழமைக்குள் அதைக் கழற்றியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை தோள் வலியோடு மறுபடி போனார். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனார். கட்டடத்தின் காம்பவுண்டில் பத்மினி உறைக்குள் நின்றது. சார் தாதருக்குப் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னான். மேலே ஏறலாமா, திரும்பலாமா என்று சாக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றார். முதல் மாடி பால்கனியிலிருந்து மாமி பார்த்தாள். உள்ளே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

உறையைப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து தன் சீட்டில் உட்கார்ந்தாள். “கவரை முன் கண்ணாடி மேல இழுத்து விடுங்கோ. மேலேர்ந்து பாத்தா தெரியப்படாது,” என்றாள்.

அவர் இழுத்து விட்டார். காருக்குள் மங்கலாகிவிட்டது. மாமி கையைத் தூக்கி, கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டாள். ஆறு ஊசி. பிறகு பூவை எடுத்தாள். பிறகு கொண்டையை எடுத்தாள். அது முழுசாகக் கையோடு வந்து, மடியில் பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. தலையில் பூஞ்சையாக நரைத்த நாலு இழையும், அதற்கு ஊடே வெளிர்ந்த தோலும்தான் இருந்தன.

பிரம்மநாயகம் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

“பாருங்கோ. பாக்காம எப்படி அளவு எடுப்பேள்?” என்றாள் மாமி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “கொரோனா வந்துட்டுப் போன வருஷம் கொத்துக் கொத்தா எல்லாம் கொட்டிப் போயிடுத்து. இது சவுரி. உச்சீல மிச்சம் இருக்கற நாலு முடியிலதான் ஊசி நிக்கும். தாழ்த்திப் போடு, பின்னிப் போடுன்னு நீங்க சுலபமாச் சொல்லிட்டேள். கீழே எங்கே இருக்கு முடி?”

அவர் இரண்டு தடவை படியேறி வந்து, ஒரு வயதான பெண்ணிடம் அவளால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யுங்கள் செய்யுங்கள் என்று நெருக்கியிருக்கிறார். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் அதுவும் ஒரு தப்புத்தான்.

“மன்னிச்சிருங்க மாமி. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா…”

“தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேள். நாளைக்கு இதே சீட்டுல போயிருப்பேன்.” மாமி ஊசிகளைக் கையில் சேர்த்துக்கொண்டாள். “எங்காத்துக்காரருக்குத் தெரியுமோ தெரியாதோ, நானும் சொன்னதில்லே, அவரும் கேட்டதில்லே. நீங்க வந்து உங்க தப்பை ஒளிக்காம சொன்னேள். அதான் கழட்டினேன். வேற யாராவது வந்து பத்திரம் பத்திரம்னு உபதேசம் பண்ணியிருந்தா போங்கோன்னு அனுப்பிச்சிருப்பேன். இந்தத் தலைக்கு அளவு எடுத்துக்கோங்கோ. கார்ல ஏறினதும் கழட்டிட்டு ஸ்கார்ஃப் கட்டிக்கறேன், அவர் பாத்தா பாத்துக்கட்டும். லாரிக்காரனுக்கு என் தலையைப் பாக்கவா நேரம்?”

வழக்கமாகப் பெண்கள் அளவு கொடுக்கும்போது மரஸ்கேலை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்வார். இன்றைக்கும் கொடுத்தார். மாமி பிடித்தாள். அவர் தள்ளி நின்று குறித்துக்கொண்டார். கொண்டை இல்லாத மாமியின் தலை சின்னதாக இருந்தது. கம்பியை உருவினார், நேர்க் கம்பியைச் செருகினார், திண்டை உட்கார வைத்தார். பள்ளம் தேவையில்லை என்று அதற்குள் பஞ்சை அடைத்துத் தைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை மாமி பின் சீட்டில் உட்கார்ந்து, வேறு யாரெல்லாம் மாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டாள். அவர் மூன்று பெயரையும் சொன்னார். கடைசியில் செம்பூர் சுஷ்மாவின் பெயரைச் சொன்னதும், “சுஷ்மாவுமா?” என்று கேட்டுவிட்டு மடியில் கிடந்த சவுரியை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

முன் சீட்டுக்கு வந்து சாய்ந்தாள். மண்டை திண்டோடு ஒட்டியது. கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, சவுரியை வைத்து, ஆறு ஊசியையும் திரும்பக் குத்தினாள். பூவை வைத்தாள். சந்திரமௌலி தாதரிலிருந்து பையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் குரலை உயர்த்துவதற்குள், நான்தான் பண்ணச் சொன்னேன் என்றாள் மாமி. அவர் திண்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். தன் சீட்டையும் மாற்ற வேண்டுமா என்று படியில் நின்று ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். வேண்டியதில்லை. கொண்டை இல்லாத ஆண்களுக்கெல்லாம் பிரம்மநாயகம் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் செய்திருந்தார்.

சனிக்கிழமை முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் சந்திரமௌலி தானாகவே போன் பண்ணி, பூனா வந்து சேர்ந்தோம் என்று இரண்டே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். இதற்கு முன்னால் அவர் எதற்கும் போன் பண்ணியதில்லை.

தீபாவளி கழிந்தது. மிச்சம் மூன்று வீட்டுக்கும் எப்படிப் போவது என்று பிரம்மநாயகத்துக்குப் புரியவில்லை. முன்பானால் சொல்லித் திட்டு வாங்கலாம். இப்போது அந்தக் கொண்டைகளைப் பற்றி வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. போகாமல் இருந்தாலோ கழுத்து. இரண்டுக்கும் நடுவில் நாளை ஓட்டினார். இசக்கிசெல்வி சூடு வைத்துக்கொடுத்தாள், எத்தனை நாளைக்குத்தான் இந்த வண்டி வண்டி என்று கேட்டாள். நாலில் ஒன்று போனது, மூன்று பாக்கி என்றார்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வெள்ளை அம்பாசடர் காலாவுக்குள் வந்து நின்றது. சுஷ்மா இறங்கினாள். பாங்கில் ஆபீசர், ஐம்பது வயது இருக்கும், அப்பா விட்டுப் போன காரைத் தானே ஓட்டுகிறவள். திண்டை மாற்ற அவர் கூப்பிட்டபோது, இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே என்று ஹிந்தியில் கத்திவிட்டு வைத்தவள் அவள்தான். பிரம்மநாயகம் எழுந்து நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் நாற்காலியைத் துடைத்தார்.

அவள் உட்காரவில்லை. காலாவின் முன்னால் தொங்கிய தார்ப்பாயைக் காட்டி, அதைக் கொஞ்சம் இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள். அவர் இறக்கிவிட்டார்.

“ருக்கு மாமி நேத்திக்கு எங்காத்துக்கு வந்தா,” என்றாள் சுஷ்மா. “லிஃப்ட் ஓடலை. அஞ்சு மாடி ஏறி வந்திருக்கா. தண்ணிகூடக் கேக்கலை. நேரா டைனிங் டேபிள்கிட்ட போய் நின்னு, தன்னோட கொண்டையைக் கழட்டி டேபிள் மேல வச்சுட்டா. என் பொண்ணு இருந்தா, வேலைக்காரி இருந்தா. எல்லார் எதிர்லேயும்.”

காம்பவுண்டில் வெயிலில் கார் உறையை இழுத்துவிடச் சொன்னவள் மாமி. மேலேயிருந்து ஒருவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று இருந்தவள்.

“இன்னிக்கு மத்த ரெண்டு பேராத்துக்கும் போறாளாம்,” என்றாள் சுஷ்மா. தன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். முதல் ஊசியை உருவும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு இது பதிமூணு வருஷமா.”

பிரம்மநாயகம் மரஸ்கேலை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் பிடித்தாள். அவர் தள்ளி நின்று இரண்டு தடவை அளந்தார்.